வள்ளத்தின் டீசல் லைன்: செம்புக் குழாயா, ரப்பர் ஹோஸா, லெவல் டியூபா?

ராமநாதபுரம் மாவட்டத்தில் தங்கச்சிமடத்திலிருந்து மூக்கையூர் வரை எந்தக் கரையில் ஃபைபர் வள்ளத்தின் எஞ்சின் பெட்டியைத் திறந்தாலும், டீசல் லைன் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: செம்புக் குழாய், கறுப்பு ரப்பர் ஹோஸ், அதுவும் இல்லையென்றால் கொத்தனார் மட்டம் பார்க்கிற லெவல் டியூப். மூன்றிலும் டீசல் போகும். எதில் ஏர் புகாமல் போகும் என்பதுதான் பேச்சு.

டாங்க் எஞ்சினுக்குச் சமமட்டத்திலோ கீழேயோ இருந்தால் ஃபீட் பம்ப் டீசலை உறிஞ்சித்தான் எடுக்கிறது. ஓட்டத்தில் அந்த லைனுக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. மூட்டு தளர்ந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். கையால் தடவிவிட்டு "காய்ஞ்சுதானே இருக்கு" என்று விட்டுவிடுகிற மூட்டுதான், கச்சான் காற்று அடிக்கிற நேரம் பார்த்து எஞ்சினை நிறுத்தும். டாங்க் உயரத்தில் உட்கார்ந்து டீசல் தானாக இறங்குகிற சிறு எஞ்சின்களில் நிலைமை நேர்மாறு. அங்கே கசிவு கண்ணுக்குத் தெரியும், அதனால் கவலை பாதி.

ஆகவே பைப்பின் விலையைக் கேட்பதற்கு முன் மூட்டுகளை எண்ண வேண்டும். டாங்கிலிருந்து ஃபில்டர், ஃபில்டரிலிருந்து ஃபீட் பம்ப் என்று முழுக்க ரப்பர் ஹோஸ் போட்டால் நான்கே மூட்டு. வழிநெடுகச் செம்பும் எஞ்சின் பக்கம் கொஞ்சம் ஹோஸும் என்றால் ஆறு. கூடுதலாக வரும் அந்த இரண்டுக்கு ஏதாவது பலன் இருக்க வேண்டும்.

செம்புக் குழாய்

பலன் இருக்கிறது. வெயிலில் விறைக்காது, எலி கடிக்காது, உறிஞ்சலில் உள்ளே ஒட்டிக்கொள்ளாது, தீ பிடித்தாலும் உடனே உருகி டீசலைக் கொட்டாது. உப்புக்காற்றில் பச்சை பூத்தாலும் குழாய்ச் சுவர் நெடுநாள் நிற்கும். அதன் பகை அதிர்வு. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் தட்டுகிற தட்டில் செம்பு நாளுக்கு நாள் இறுகும், இறுகியது கீறும். கீறல் விழும் இடம் எப்போதும் ஒன்றுதான்: நட்டுக்குப் பின்னால், ஃப்ளேரின் (குழாய் நுனியைப் புனல்போல் விரித்த பகுதி) கழுத்து. இதைத் தவிர்க்க எஞ்சின் பக்கம் இரண்டு மூன்று சுற்றுச் சுருள் விடுகிற பழக்கம் உண்டு. சுருள் கீறலைத் தள்ளிப்போடும், தடுக்காது. ஆடாத படகுக் கட்டையில் செம்பு, ஆடுகிற எஞ்சினுக்கும் அதற்கும் நடுவில் 40 முதல் 50 செ.மீ. ரப்பர் ஹோஸ். இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை.

சிறு எஞ்சினுக்கு 8 மி.மீ. வெளிவிட்டக் குழாய் தாராளம். 10 குதிரைசக்தி எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு இரண்டரை லிட்டர் வரைதான் எரிக்கும். ஏசிக் கடையில் கிடைக்கும் சுருள் அங்குல அளவு என்பதைக் கவனிக்க வேண்டும். 3/8 அங்குலக் குழாய் 9.5 மி.மீ.தான். 10 மி.மீ. ஃபெரூலில் (நட்டுக்குள் குழாயைக் கவ்வும் வளையம்) அழகாக நுழையும், இறுகவே இறுகாது. நட்டை முறுக்கி முறுக்கி மரை போனபிறகுதான் காரணம் தெரியும்.

வெட்டுவதற்கு ஹாக்ஸா வேண்டாம், டியூப் கட்டர். உள்விளிம்பின் பிசிறைச் சுரண்டி, குழாயைத் தலைகீழாகப் பிடித்துத் தட்ட வேண்டும். செம்புத் தூள் உள்ளே விழுந்தால் அடுத்த நிறுத்தம் ஃபில்டர். நட்டை முதலில் கோத்துவிட்டுத்தான் 45 பாகை ஃப்ளேர் (மறந்தால் ஃப்ளேரை வெட்டியெறிந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து). ஃப்ளேர் டூலின் முனையில் ஒரு சொட்டு எண்ணெய், மெதுவாகத் திருப்பல். விரிந்த முகத்தில் நகத்தை ஓட்டினால் கோடு எதுவும் தட்டக் கூடாது. அந்த முகத்துக்கு டெஃப்லான் டேப்பே தேவையில்லை. சுற்றினால் அதன் நூல்தான் பிரிந்து ஃபில்டரை அடைக்கும். வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாமல், ஸ்பிரிங் பெண்டரால். மணல் நிரப்பி வளைக்கிறார்கள், அதுவும் காலடியில் கிடக்கும் கடற்கரை மணலை. உள்ளே ஒட்டிய ஒரு சிட்டிகை உப்பு மணல், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்வரை போய்ச் சேரும்.

ஓர் அடிக்கு ஒரு கிளிப், கிளிப்புக்கு அடியில் ரப்பர் பட்டை. அலுமினிய டாங்கில் செம்பை நேராக இணைக்கக் கூடாது. உப்பு ஈரம் பட்டதும் அலுமினியம்தான் கரையும். நடுவில் ஸ்டெயின்லெஸ் இணைப்பு வேண்டும். பித்தளை நட்டுக்கு இந்தக் கரையில் இன்னொரு தொல்லை உண்டு. படகின் அடியில் தேங்கி அழுகும் மீன்கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. அளவுக்கு மீறி இறுக்கிய பித்தளையை அது முடிக்கோடுபோல் கீறிவிடும். மூட்டை அடித்தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைப்பதும், நட்டைத் தேவைக்கு மேல் முறுக்காமல் விடுவதும்தான் மருந்து.

ரப்பர் ஹோஸ்

'ரப்பர் ஹோஸ்' என்று கேட்டால் கடைக்காரர் தண்ணீர் ஹோஸும் தருவார், கம்ப்ரஸர் ஹோஸும் தருவார். வேண்டியது உள்ளே நைட்ரைல் பூச்சுள்ள எரிபொருள் ஹோஸ். எஞ்சின் பெட்டிக்குள் போவதாக இருந்தால் மேலே ஐஎஸ்ஓ 7840 என்று அச்சிட்டிருப்பது நல்லது. இரண்டரை நிமிடம் தீயில் தாக்குப்பிடிக்கிறதா என்று சோதித்த வகை அது. விலை கூடுதல்தான், வேண்டியதோ ஒன்றிரண்டு மீட்டர்.

வளைப்பது, மாட்டுவது, கடலிலேயே கழற்றுவது எல்லாம் எளிது. கெடுவது மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் கெடும். வெளியே புதிதுபோல் இருக்கும், உள்பூச்சு உரிந்து வேகமான உறிஞ்சலில் வாசலை மூடும். மெதுவோட்டத்தில் நன்றாக ஓடி, வேகம் கூட்டினால் மூச்சு வாங்கும் எஞ்சினில் ஃபில்டரை மாற்றியும் சரியாகவில்லையென்றால், சந்தேகம் ஹோஸின் மேல்தான். விரலால் கிள்ளிப் பார்த்தால் பழைய ஹோஸ் கட்டைபோல் இருக்கும் அல்லது வளைவில் வெடிப்பு தெரியும்.

ஹோஸுக்கு முன்னால் சாவது கிளாம்ப். 'ஸ்டெயின்லெஸ்' என்று வாங்கிய கிளாம்பின் பட்டை மட்டும் ஸ்டெயின்லெஸ், திருகு சாதா இரும்பாக இருக்கும். கடையிலேயே காந்தத்தைத் திருகில் வைத்துப் பார்த்துவிடலாம், ஒட்டினால் வேண்டாம். 12 மி.மீ. அகலப் பட்டை, நிப்பிளின் (ஹோஸ் மாட்டும் குழாய்முனை) மேல் 25 மி.மீ. ஹோஸ், ஹோஸ் நுனியிலிருந்து 6 மி.மீ. தள்ளிக் கிளாம்ப். கட்டுக்கம்பி முறுக்கினால் ஒரு பக்கம் வெட்டும், மறுபக்கம் இடைவெளி விடும்.

35 லிட்டர் கேனையே டாங்காக வைத்து, தினமும் கழற்றி எடுத்துப்போகிற வள்ளத்துக்கு முழு நீள ஹோஸ்தான் சரி. செம்பு அங்கே வீண். நிரந்தர டாங்க் உள்ள வள்ளத்துக்குச் செம்பும் ஹோஸும் கலந்த ஆறு மூட்டு லைன்.

லெவல் டியூப்

மலிவு, குமிழி தெரியும். இந்த இரண்டுக்காகத்தான் வாங்குகிறார்கள். டீசல் அந்த பிளாஸ்டிக்கை நெகிழ்வாக வைத்திருக்கும் எண்ணெயை உறிஞ்சிவிடும். டியூப் மஞ்சளாகி, விறைத்து, நிப்பிளில் தளரும். சைலன்சர் சூட்டில் இதே டியூப் தொய்ந்து மடியும். நிரந்தர லைனாக இதைப் போடுவது தப்பு. ஆனால் ஏர் புகும் இடத்தைத் தேட ஒரு முழம் துண்டு டூல் பெட்டியில் இருந்தே ஆக வேண்டும்.

ஜிஐ குழாயை ஒரே வரியில் தள்ளிவிடலாம்: துத்தநாகப் பூச்சு டீசலோடு சேர்ந்து சோப்புபோல் ஒரு பொருளாகி ஃபில்டரையும் நாசிலையும் அடைக்கும். வண்டிகளில் வரும் மெல்லிய இரும்புக் குழாய் இந்தக் காற்றில் கிளிப்புக்கு அடியிலிருந்து துருப்பிடித்து வரும். பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் பிரஷர் பைப் இந்தப் பேச்சிலேயே சேராது. அது கம்பெனி பைப்பாகவே இருக்கட்டும். எஞ்சின் ஓடும்போது அதில் கசிவை விரல் வைத்துத் தேடக் கூடாது. நூறு பாருக்கு மேல் போகும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே ஏறும்.

போட்டபின் சோதனை

எதைப் போட்டாலும் டாங்கின் மேலிருந்து எடுப்பது நல்லது. உறிஞ்சு குழாயின் நுனி அடியிலிருந்து 25 மி.மீ. உயரத்தில் நிற்கட்டும், அடியில் தண்ணீரும் கசடும். நடுவழியில் மேடு கூடாது, மேட்டில் காற்று தங்கும். சைலன்சருக்கு மேலே லைன் போகவே கூடாது. மிஞ்சிய டீசல் திரும்பும் ரிட்டர்ன் லைனை உறிஞ்சு லைனில் டீ மூட்டு போட்டு மிச்சம் பிடிக்காமல், தனியாக டாங்குக்கே கொண்டுபோக வேண்டும்.

டீசல் விடுவதற்கு முன் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் சைக்கிள் பம்பால் 3 பிஎஸ்ஐ ஏற்றி, ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரை. பிறகும் ஏர் எடுத்தால் அந்த ஒரு முழ லெவல் டியூபை ஃபில்டருக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் மாட்டி எஞ்சினை ஓட்ட வேண்டும். குமிழி ஓடும்போது டாங்க் பக்கமிருந்து ஒவ்வொரு மூட்டாகக் கிரீஸ் பூசிக்கொண்டே வந்தால், எதில் பூசியதும் குமிழி நிற்கிறதோ அதுதான் திருடன். குமிழியே இல்லாமல் எஞ்சின் திணறினால் கேனின் மூடியைத் தளர்த்திப் பார்க்கலாம். உடனே உயிர் வந்தால் மூடியின் காற்றுத் துளையில்தான் அடைப்பு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் பாம்பன், மண்டபம் பக்கத்து மிஸ்திரிகள் எல்லாரும் கரையேறிய விசைப்படகுகளில்தான் இருப்பார்கள். வள்ளத்து லைனை மாற்ற நினைப்பவர்கள் பங்குனியிலேயே ஆளைப் பிடித்துவிடுவது நல்லது.