நிறுத்திச் சோதிப்பதா, காலிமனையைச் சுத்தம் செய்வதா?

அமெரிக்காவின் ஏழைக் கறுப்பினப் பகுதிகளில் துப்பாக்கிச் சூடு என்றாலே, பொறுப்பு குடும்பத்துக்கா அரசுக்கா என்று சண்டைதான். சரி, செய்து பார்த்த இரண்டு வழிகள்:

சோதனை: நியூயார்க் போலீஸ் 2011-ல் சுமார் 6,85,000 முறை தெருவில் ஆட்களைச் சந்தேகத்தில் மறித்து நிறுத்தியது. பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் மீது வழக்கே இல்லை!
மனை: பிலடெல்பியா நகரில் காலிமனைகளில் கிடந்த டயர், குப்பையை அள்ளி, புல் விதைத்து, தாழ்வாக மரவேலி போட்டார்கள். துப்பாக்கி ஒளிக்கப் புதர் இல்லை.

பலன்?
சோதனை: 2015-க்குள் ஆண்டுக்கு 25,000 முறைக்கும் கீழே குறைத்தார்கள், அப்படியும் கொலைகள் 2011-ஐவிடக் கூடவில்லை.
மனை: 2018 ஆய்வில், வறுமைப் பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29% குறைவு.

சிரமம்?
சோதனை: போலீஸ் மேல் கசப்பு, 2013-ல் நீதிமன்றக் குட்டு.
மனை: புல் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

குறிப்பிட்ட ஆள்மீது உறுதியான தகவல் இருந்தால் சோதனை. தெருவே பயந்து கிடந்தால், முதலில் மனை.