பூர்கோஞ்சில் ஏழு வருடச் சைக்கிள்: கால்வாய் கீழே, ஊரெல்லாம் மேலே

பாரிஸ் புறநகரில் இருந்துகொண்டு 2018 முதல் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு பிரான்சின் பூர்கோஞ் (பர்கண்டி) வட்டாரம் பக்கம் போய் வருகிறேன், கோவிட் வந்த 2020இல் மட்டும் ஒரே தடவை. இதுவரை ஆறாயிரம் கிலோமீட்டருக்குப் பக்கம் வந்திருக்கும். இங்கே எந்த வழி நல்ல வழி என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் மொத்தமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு குறை. இந்தப் பகுதியைப் பற்றிய சுற்றுலாக் கையேடு எதை எடுத்தாலும் ஒரு பக்கத்தில் மரநிழலில் தட்டையான கால்வாய்ப் பாதை, அடுத்த பக்கத்தில் கல்வீடுகள் நிறைந்த இடைக்கால ஊர். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற மாதிரி ஒரு தோற்றம். பக்கத்தில்தான் இருக்கின்றன, நடுவில் மேடு இருக்கிறது, அவ்வளவுதான். எதிரிக்குப் பயந்து குன்றின் உச்சியில் கட்டிய ஊர்கள் அவை. கால்வாயோ தண்ணீர் போகிற வழியில்தானே போகும். ஃப்ளாவிஞி, வெஸ்லே, ஷாத்தோநெஃப், பிரான்சியோன் எல்லாமே மேலே. செமூர் ஊர் ஒரு கருங்கல் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த விதிவிலக்கு நுவாயேர் மட்டும். அங்கே செரான் ஆறு வளைந்து ஊரைச் சுற்றி ஓடுகிறது, அகழியை ஆறே கொடுத்துவிட்டதால் மலையேற வேண்டிய தேவை வரவில்லை போலிருக்கிறது.

பூர்கோஞ் கால்வாயிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். மிஜென் ஊரிலிருந்து சேன்-ஜான்-த-லோன் வரை 242 கிலோமீட்டர், தண்ணீரை அடைத்தும் திறந்தும் படகை ஏற்றி இறக்குகிற மதகுகள் 189, 1832இல் முழுசாகத் திறந்தது. படகை இழுத்துக்கொண்டு குதிரை நடந்த கரைப்பாதைதான் இன்றைக்குச் சைக்கிள் பாதை. ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஒவ்வொரு மதகிலும் இரண்டு மூன்று மீட்டர் எழும்புவதோடு சரி. முதல் நாள் சொர்க்கம். இரண்டாம் நாள் மத்தியானம், உண்மையைச் சொன்னால், கொஞ்சம் அலுப்பு: நேர்கோட்டில் தண்ணீர், நேர்கோட்டில் மரம், அடுத்த மதகு, அடுத்த மதகுவீடு. மரவேர்கள் தாரைத் தூக்கிவிட்ட இடங்களில் சைக்கிள் தடதடவென்று ஆடும். இரண்டாம் வருடம் அந்த ஆட்டத்திலேயே என் கேரியரின் ஒரு போல்ட் கழன்று எங்கேயோ விழுந்துவிட, பிளாஸ்டிக் டை கட்டித்தான் வீடு வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து தினம் காலையில் எல்லா போல்ட்டையும் விரலால் ஒருதரம் திருகிப் பார்க்காமல் கிளம்புவதில்லை.

புய்யி-ஆன்-ஒசுவா ஊரில் மட்டும் அலுப்புக்கு ஒரு மாற்று உண்டு. கால்வாய் திடீரென்று மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கத்துக்குள் போய்விடும். நாம் மேலே வயல் நடுவே போகிறோம், காலுக்குக் கீழே எங்கேயோ தண்ணீர் போகிறது, காற்றுக்காகத் தோண்டிய கிணறுகள் இருப்பதைப் பார்த்துத்தான் அது எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அமைதியைப் பற்றி நான் தெரிந்துகொண்டது கொஞ்சம் தாமதமாகத்தான். தொன்னேருக்கும் மோன்பாருக்கும் இடையே அதே பள்ளத்தாக்கில்தான் D905 சாலை, அதே பள்ளத்தாக்கில்தான் பழைய பாரிஸ்-லியோன் ரயில்பாதை. தட்டையான இடத்தை எல்லோருக்கும்தானே பிடிக்கும். கால்வாய்க் கரையில் கார் வராது, சரி, ஆனால் லாரிச் சத்தம் வரும். ஷாத்தோநெஃப் கோட்டை வாசலில் நின்றால் கீழே A6 நெடுஞ்சாலை ஒரு கோடாகத் தெரியும், காற்று இந்தப் பக்கம் அடித்தால் இரைச்சலும் கேட்கும். புகைப்படத்தில் அது வராது என்பது வேறு விஷயம்.

அப்புறம்தான் மிஷ்லின் நிறுவனத்தின் சாலை வரைபடத்தில் வெள்ளையாகக் காட்டுகிற சின்னச் சாலைகளுக்குப் பழகினேன். கைபேசியில் வழி போட்டாலும் காகித வரைபடம் ஒன்று கைப்பிடிப் பையில் எப்போதும் இருக்கும், ஒரு சென்டிமீட்டருக்கு 2 கிலோமீட்டர் அளவு. சிவப்புக் கோடு என்றால் கிட்டவே போகாதீர்கள், மஞ்சள் பரவாயில்லை, வெள்ளைதான் நம்முடையது. ஓரத்தில் பச்சைக் கோடு இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று அர்த்தம். சாலையின் மேல் சின்ன அம்புக்குறிகள் இருக்கும், ஏற்றம் எந்தத் திசையில் என்று அவை காட்டும். ஒரு அம்பு 5 சதவீதத்துக்கு மேல், இரண்டு என்றால் 9க்கு மேல், மூன்று என்றால் 13க்கு மேல், அதாவது இறங்கித் தள்ளு. இந்த வெள்ளைச் சாலைகளில் ஒரு மணி நேரம் போனால் ஒரு டிராக்டர், ஒரு தபால் வண்டி, வேலி ஓரமாக நின்று தலையை நம்மோடு சேர்த்துத் திருப்புகிற வெள்ளை ஷரொலே மாடுகள். வேறு யாருமில்லை. ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டுகிற கார் ஒன்றரை மீட்டர் இடம் விட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, என் அனுபவத்தில் இந்தச் சாலைகளில் பெரும்பாலும் விடுகிறார்கள், பல பேர் எதிர்ப்பக்கம் முழுசாகவே போய்விடுகிறார்கள்.

க்ளுனி பக்கம் பழைய ரயில்பாதையில் போட்ட பசுமைப் பாதையும் போயிருக்கிறேன். ஜிவ்ரியிலிருந்து க்ளுனி வரை 1997இல் திறந்தது, பிரான்சிலேயே இந்த வகையில் முதலாவது. தாரெல்லாம் அருமை, குழந்தைகளோடு போக இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மெரினா கூட்டம். க்ளுனிக்குத் தெற்கே 1.6 கிலோமீட்டர் நீள ரயில் குகை ஒன்று இருக்கிறது, ஆகஸ்ட் வெயிலில் உள்ளே நுழைந்தால் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்த மாதிரி. குளிர்காலத்தில் வௌவால்கள் தூங்குவதற்காக மூடிவிடுவார்கள். தெரியாமல் போய்க் கதவு முன்னால் நின்று, பிறகு மலையைச் சுற்றி ஏறினேன். பலகையில் போட்டிருந்தார்கள், நான்தான் படிக்கவில்லை.

சைக்கிளைப் பற்றி. என்னுடையது சாதாரண இரும்புச் சட்டம், 38 மில்லிமீட்டர் டயர். வாங்கும்போது இருந்த கியர் ஃப்ளாவிஞி ஏற்றத்தில் என் முட்டியைப் பதம் பார்த்துவிட்டது. செயின் ஓடுகிற பல்சக்கரங்களை முன்னால் 26 பல், பின்னால் 34 பல் என்று மாற்றிய பிறகுதான் இருபது கிலோ சாமானோடு உட்கார்ந்தபடியே ஏற முடிகிறது. இந்த ஊர்களுக்குப் போக என்ன வாங்கலாம் என்று கேட்டால் லேசான சைக்கிள் என்று சொல்லமாட்டேன், தாழ்ந்த கியர் என்றுதான் சொல்வேன். பஞ்சர் அதிகம் ஆனது இலையுதிர்காலத்தில், வேலிச்செடிகளை மெஷினால் வெட்டிவிட்டு முள்ளைச் சாலையிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்தப் பருவத்தில் வேட்டையும் உண்டு. காட்டு ஓரத்தில் வேட்டை நடக்கிறது என்று பலகை கண்டால் நான் மஞ்சள் மேலங்கியைப் போட்டுக்கொண்டு வேகமாகத் தாண்டிவிடுவேன்.

தண்ணீருக்கு ஊர்க் கல்லறைத் தோட்டம். பூச்செடிக்கு ஊற்ற ஒரு குழாய் கட்டாயம் இருக்கும், குடிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் தடவை கூட வந்த என் மச்சான் உள்ளே வரவே மாட்டேன் என்று வாசலில் நின்றுவிட்டான், பாட்டிலை வாங்கி நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவனே ஊர் வந்ததும் "கல்லறை எந்தப் பக்கம்?" என்று கேட்க ஆரம்பித்தான்.

சாப்பாடுதான் இந்தப் பயணங்களின் பெரிய சிக்கல். அழகான ஊர் என்றால் கடை இருக்கும் என்று நினைக்காதீர்கள். பன்னிரண்டு மணிக்குக் கதவைச் சாத்தினால் இரண்டு மணிக்கு மேல்தான், திங்கட்கிழமை பல ஊர்களில் பேக்கரி உட்பட எல்லாம் மூடல். ஒரு திங்கட்கிழமை மூன்று ஊர் அலைந்தும் ரொட்டி கிடைக்காமல், முந்தின நாள் ஃப்ளாவிஞியில் வீட்டுக்கென்று வாங்கிய சோம்பு மிட்டாய் டப்பாவைத் திறந்தோம். அந்த ஊரின் பழைய மடத்துக்குள்தான் அதைச் செய்கிறார்கள், நடுவில் ஒரே ஒரு சோம்பு, அதைச் சுற்றிச் சர்க்கரைப் பாகை நாள்கணக்கில் பூசிப்பூசி வெள்ளை முத்தாக உருட்டுகிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று போட்டுக்கொள்ள வேண்டிய சாமானை நாங்கள் சாப்பாடாகவே சாப்பிட்டோம்.

புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்கிற நாலு நாள் வழி இது. பாரிஸ் பெர்சி நிலையத்தில் வட்டார ரயிலைப் பிடித்துத் தொன்னேரில் இறங்குங்கள். மேட்டைத் தாண்டி நுவாயேர் போய், தூண்கள் மேல் நிற்கிற மரச்சட்ட வீடுகளுக்கு நடுவே அன்று தங்குங்கள். மறுநாள் வெள்ளைச் சாலைகளிலேயே மோன்பார், அங்கிருந்து காட்டுக்குள் ஆறு கிலோமீட்டரில் ஃபோந்த்னே மடம். 1118இல் தொடங்கியது, துறவிகளின் உலைக்கூடம்கூட இன்னும் நிற்கிறது, அவசரமில்லாமல் பாருங்கள். மூன்றாம் நாள் காலை கால்வாய்க் கரையில் கால்களுக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டு வெனாரே வரை போய், மாலையில் ஃப்ளாவிஞிக்கு ஏறுங்கள், ஏனென்றால் பகல் கூட்டம் இறங்கிய பிறகு அந்தத் தெருக்களில் நம் செயின் சத்தம் நமக்கே கேட்கும். நாலாம் நாள் செமூர், அங்கே கோட்டைக் கோபுரத்தில் மேலிருந்து கீழாக ஒரு பெரிய விரிசல் தெரியும், பயப்பட வேண்டாம், நானூறு வருடமாக அப்படியேதான் நிற்கிறது. திரும்ப மோன்பாரில் ரயில். ஒரு நாளைக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வராது. வியாழக்கிழமை கிளம்பினால் ஞாயிறு இரவு வீடு, திங்கட்கிழமை கணக்கிலேயே வராது.