தானியங்கி கேமராவுக்கு எந்த செல்? ஆல்கலைன், நிக்கல், லித்தியம், சோலார் ஓர் ஒப்பீடு

தோட்டத்து வேலியோரமும் ஓடைக்கரையிலும் விலங்கு நடமாடினால் தானாகப் படம் எடுக்கும் தானியங்கி கேமரா கட்டுகிறவர்கள் மெகாபிக்சலை விசாரிக்கிற அளவுக்கு உள்ளே போடும் பேட்டரி செல்லை விசாரிப்பதில்லை. இரவுப் படம் கருப்பாக விழுவதற்கும், நள்ளிரவில் கேமரா தானாக அணைந்துபோவதற்கும் பெரும்பாலும் செல்தான் காரணம். இங்கே பேசுவது சொந்த நிலத்தில் வைக்கும் கேமராக்களைப் பற்றி. சரணாலயம், தேசியப் பூங்காவுக்குள் படம் எடுக்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும்.

முதலில் மின்செலவுக் கணக்கு. எட்டு ஏஏ செல்லை (சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் அளவு) தொடராக அடுக்கி 12 வோல்ட்டில் ஓடும் கேமராவை எடுத்துக்கொள்வோம். சும்மா காத்திருக்கும்போது அது 0.2 மில்லிஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 5 எம்ஏஹெச் (மில்லிஆம்பியர்-மணி) போதும். இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போதுதான் ஒரு ஆம்பியர் வரை போகும். ஒன்றரை விநாடி எரிந்தால் ஒரு படத்துக்கு 0.4 எம்ஏஹெச். இரவுக்கு இருபது முறை விலங்கு நடமாட்டம், முறைக்கு மூன்று படம் என்றால் மொத்தம் நாளைக்கு 29 எம்ஏஹெச். 2000 எம்ஏஹெச் செல் இரண்டு மாதத்துக்கு மேல் தாங்கும். அதே இருபது முறையும் 30 விநாடி வீடியோ எடுக்கச் சொன்னால், 0.8 ஆம்பியர் வீதம் நாளைக்கு 138 எம்ஏஹெச் போய், இரண்டே வாரத்தில் கேமரா படுத்துவிடும். வீடியோவை 10 விநாடியாகக் குறைத்தால் மறுபடி நாற்பது நாள். மாடலுக்கு மாடல் எண்கள் மாறும், விகிதம் பெரிதாக மாறாது. ஆகவே எந்த செல் வாங்கினாலும் முதல் சிக்கனம் மெனுவில்தான் இருக்கிறது.

இரண்டாவது சிக்கனம் அரிவாளில். கேமராவுக்கு முன்னால் வெயிலில் சூடேறிய புல் ஆடினால் உணரி அதையும் விலங்காக எடுத்துக்கொண்டு படம் எடுத்துத் தள்ளும். நாலைந்து மீட்டருக்குப் புல்லை வெட்டிவிட்டு, கேமராவை வடக்கு அல்லது தெற்கு பார்த்துக் கட்டுங்கள். கிழக்கு மேற்கு பார்த்தால் காலை, மாலை வெயில் நேரே விழுந்து வீண் படங்கள் குவியும்.

ஆல்கலைன்

எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும், அதுதான் இதன் பெரிய பலம். மெதுவாக இழுத்தால் 2500 எம்ஏஹெச் வரை தரும். ஆனால் உள்தடை, அதாவது செல்லுக்குள்ளேயே மின்னோட்டத்துக்கு இருக்கும் தடை, அதிகம். விளக்கு எரியும் நொடியில் மின்னழுத்தம் சடாரென்று இறங்கும். செல்லில் பாதி மிச்சம் இருக்கும்போதே ‘தீர்ந்துவிட்டது’ என்று கேமரா அணைந்துவிடும். அந்த மிச்சத்தை சுவர்க் கடிகாரத்துக்கோ டிவி ரிமோட்டுக்கோ போட்டால் இன்னும் பல மாதம் ஓடும். தூக்கி எறிய வேண்டியதில்லை.

பகல் படம் மட்டும் போதும் என்றால் ஆல்கலைன் பரவாயில்லை. மழைக்காலத்தில் மாதக்கணக்கில் உள்ளேயே விட்டுவைத்தால் காரம் கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். கசிந்துவிட்டால் பஞ்சில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவைத்த பிறகே புது செல் போட வேண்டும்.

மாதம் ஒரு முறை மாற்றினால் ஒரே கேமரா ஆண்டுக்கு 96 செல் தின்னும். 2018 புலிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். இடத்துக்கு நாலு செல் என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் ஒரு தடவைக்கே லட்சத்தைத் தாண்டுகிறது.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு

திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றிப் பயன்படுத்தும் செல் இது. நம் ஊர் வெப்பநிலைக்கும் மாதம் ஒரு முறையாவது கேமராவைப் போய்ப் பார்க்க முடிகிறவர்களுக்கும் இதுவே சரியான தேர்வு. எனெலூப் பிராண்டு போன்ற, சார்ஜ் தானாகச் சீக்கிரம் வடியாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். மேலே 2800, 3000 என்று பெரிய எண் போட்டிருக்கும் மலிவு செல்கள் அலமாரியில் இருந்தே வடிந்துபோகும். 1900 முதல் 2000 எம்ஏஹெச் உள்ள நல்ல செல் அதைவிட நீடித்து உழைக்கும்.

இதன் மின்னழுத்தம் 1.2 வோல்ட். எட்டு சேர்ந்தால் 9.6 தான். 12 வோல்ட்டை எதிர்பார்க்கும் கேமரா, முழு சார்ஜ் இருக்கும்போதே பாதி என்று காட்டும். பயப்பட வேண்டாம். கடைசி வரை அந்த 1.2 ஐ விடாமல் பிடித்து நிற்பதுதான் இதன் குணம். இரவுப் படத்தில் ஆல்கலைனை இது முந்துவதும் அதனால்தான். மெனுவில் பேட்டரி வகை என்ற தேர்வு இருந்தால் மாற்றிவையுங்கள். சில பழைய மாடல்கள் மட்டும் 9.6 வோல்ட்டிலேயே அணைந்துவிடும். அவற்றுக்கு இது உதவாது.

சார்ஜரில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். இரண்டிரண்டாகச் சேர்த்து ஏற்றும் மலிவு சார்ஜர் ஒன்றை நிரப்புவதற்குள் மற்றதைச் சுட்டுவிடும். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கும் சார்ஜரில் 500 மில்லிஆம்பியர் வைத்தால் ஐந்து மணி நேரத்துக்குள் நிரம்பும். ‘மெதுவாக ஏற்றினால் நல்லது’ என்று 200க்குக் கீழே போகாதீர்கள். நிரம்பியதும் மின்னழுத்தம் லேசாகச் சரியும், அதைப் பார்த்துத்தான் சார்ஜர் நிறுத்துகிறது. மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால் அந்தச் சரிவே தெரியாமல் ஏற்றிக்கொண்டே இருக்கும்.

எட்டில் ஒன்று சோப்ளாங்கியாக இருந்தால் மொத்தமும் கெடும். அது முதலில் காலியாகும், மற்ற ஏழும் அதைத் தலைகீழாகச் சார்ஜ் செய்து கொன்றுவிடும். வாங்கிய மாதத்தை மார்க்கரால் எழுதி, எட்டெட்டாகவே பயன்படுத்துங்கள். ஆண்டுக்கு ஒரு முறை சார்ஜரிலேயே கொள்ளளவைச் சோதித்து, கூட்டத்தைவிட 200 எம்ஏஹெச்சுக்கு மேல் பின்தங்கியதை விலக்கிவிடுங்கள்.

எட்டு செல்லை நிரப்ப, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, சுமார் 40 வாட்-மணி. இருபத்தைந்து முறை நிரப்பினால்தான் ஒரு யூனிட் ஓடும்.

லித்தியம்: ஒரே பெயரில் மூன்று பொருள்

தூக்கி எறியும் 1.5 வோல்ட் லித்தியம் செல் 3000 எம்ஏஹெச்சுக்கு மேல் தரும், எடை 15 கிராம்தான், மைனஸ் 40 டிகிரியிலும் ஓடும். பனிச்சிறுத்தைக்காக லடாக்கில் குளிர்காலம் முழுக்க விட்டுவரும் கேமராவுக்கு இதைவிட்டால் ஆளில்லை. ஊட்டி உறைபனி இரவுக்கு நிக்கலே தாங்கும். விலை கொடுத்து இதை வாங்க வேண்டியதில்லை.

யூஎஸ்பி வயரில் சார்ஜ் ஆகும் 1.5 வோல்ட் லித்தியம் அயன் செல் இரண்டாவது. அதற்குள் சின்னச் சுற்று ஒன்று மின்னழுத்தத்தை இறக்கித் தருகிறது. கடைசி நிமிடம் வரை முழுசாகக் காட்டிவிட்டு முன்னறிவிப்பின்றி அணையும். சில பிராண்டுகள் விளக்கு எரியும் இழுப்பைத் தாங்காது. வாங்கியே ஆக வேண்டுமென்றால், கேமராவை வீட்டு முற்றத்தில் ஓர் இரவு ஓடவிட்டுப் பார்த்தபின் தோட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.

மூன்றாவது 14500 என்ற 3.7 வோல்ட் செல். அளவு ஏஏ போலவே இருக்கும். எட்டைப் போட்டால் 30 வோல்ட் ஏறி போர்டு கருகிவிடும். கூடவே கூடாது.

வெளி பேட்டரியும் சோலாரும்

சிம் போட்டு படம் அனுப்பும் 4ஜி கேமராவுக்கு ஏஏ செல் கட்டுப்படியாகாது. சிக்னல் பலவீனமான இடத்தில் அது கூவிக்கூவியே பேட்டரியைத் தீர்த்துவிடும். அங்கே 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி வெளி பேட்டரி வையுங்கள். ஈய அமில பேட்டரி இரண்டு கிலோவுக்கு மேல், அதுவும் பாதிக்கு மேல் தீர்த்தால் ஆயுள் குறையும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் ஒரு கிலோவுக்குள், கிட்டத்தட்ட முழுசையும் பயன்படுத்தலாம். நேர்முனை வயரில் 2 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். வயர் கேமராவில் நுழையுமுன் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும், மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும். படங்களை உடனுக்குடன் அனுப்பாமல் நாளுக்கு ஒரு முறை மொத்தமாக அனுப்பும்படி வைத்தால் பேட்டரி இன்னும் நீடிக்கும்.

சோலாரை எல்லாரும் முதலில் கேட்கிறார்கள், நான் கடைசியில் வைக்கிறேன். நல்ல படம் விழும் இடம் பெரும்பாலும் நிழல். மரத்தடியில் 3 வாட் தகடு பத்தில் ஒரு பங்கு தந்தாலே பெரிது. திறந்த வரப்பில், தெற்கு பார்த்து 15 டிகிரி சாய்த்து வைத்தால் அருமையாக வேலை செய்யும், மழையில் தூசும் கழுவிப்போகும். குரங்கு வரும் இடமென்றால் வயரைக் குழாய்க்குள் விட்டு மரத்தோடு கட்டுங்கள். யானை வரும் இடமென்றால் மலிவான கேமராவாகப் பார்த்து வையுங்கள்.

ஆயுள் முடிந்த செல்களைத் தோட்டத்துக் குப்பைக் குழியில் போடக்கூடாது. 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் இந்தச் சிறிய செல்களுக்கும் பொருந்தும். லித்தியம் செல்லாக இருந்தால் இரு முனைகளிலும் டேப் ஒட்டி, மற்றவற்றோடு கலக்காமல் தனி டப்பாவில் சேர்த்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.