புதுசு என்று சொல்லி விற்ற சின்த்: வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

வீட்டில் உட்கார்ந்து இசையமைக்கச் சின்னதாக ஒரு சின்தசைசர் (சுருக்கமாகச் சின்த், மின்னணு முறையில் ஒலிகளை உருவாக்கும் கீபோர்டு) வாங்கும் எண்ணத்தில் இருக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடந்த மார்ச்சில் இங்கே சிங்கப்பூரில் 741 வெள்ளி 20 காசு கொடுத்து, யாரோ பயன்படுத்திய கருவியைப் புதுசு என்று நம்பி வாங்கி வந்தேன். கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. என்ன செய்தார்கள் என்பதை மட்டும் முழுதாகச் சொல்கிறேன், ஏனென்றால் எந்தக் கடையிலும் இதையே செய்ய முடியும்.

அம்மா பல வருடங்கள் கோயில் பஜனைக் குழுவில் பாடியவர். இப்போது முழங்கால் வலியால் அதிகம் வெளியே போவதில்லை. அவர் பாடும் தாலாட்டுகளைப் பின்னணி இசையோடு பதிவு செய்து வைக்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எங்கள் ஈசூன் வீட்டில் பெரிய கீபோர்டுக்கு இடமில்லை. அதனால் மைக்ரோகோர்க் வாங்க முடிவு செய்தேன். கோர்க் நிறுவனம் 2002இல் வெளியிட்ட கருவி அது. 37 சின்னக் கட்டைகள், மடியில் வைத்து வாசிக்கலாம், ஆறு ஏஏ பேட்டரியிலும் ஓடும். எல்லாவற்றையும் விட அதில் வோக்கோடர் உண்டு. கழுத்தை வளைக்கக்கூடிய ஒரு மைக் கருவியோடு வரும். அதைச் செருகிக் கட்டையை அழுத்திக்கொண்டு பாடினால், நாம் பாடும் சொல்லையே சின்த்தின் ஒலி உச்சரிக்கும். அம்மாவின் குரலில் அதைக் கேட்கவேண்டும் என்றிருந்தது.

கடையில் காட்சிக்கு வைத்திருந்த செட்டை ஹெட்போன் மாட்டி அரை மணி நேரம் வாசித்துப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. குமிழ்கள் இரைச்சல் இல்லாமல் திரும்பின. சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் சக்கரத்தை மெல்ல அசைத்தால் கமகம் போல ஒரு நெளிவு வந்தது. அம்மா பாடும் சுருதி ஐந்தரைக் கட்டை. அந்தச் சுருதியில் இடது கையால் ச, ப, மேல் ச மூன்றையும் பிடித்துக்கொண்டு வலது கையால் வாசித்தபோது, ஒரு ஸ்வரத்தோடு இன்னொன்றைச் சேர்த்தால் ஏற்கெனவே பிடித்திருந்த ஒலிகளில் ஒன்று அறுந்தது. கேட்டதற்கு, "அது செட்டிங்தான், வீட்டில் போய் எட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்றார் விற்பனையாளர். அது பொய். மைக்ரோகோர்க்கில் ஒரே நேரத்தில் நான்கு ஒலிகள்தான். இரண்டு டிம்பரை (ஒலி வகையை) ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் அதுவும் இரண்டாகக் குறையும். அது கருவியின் அமைப்பு, பழுது அல்ல. சுருதிக்கே மூன்று போனால் மெட்டுக்கு ஒன்றுதான் மிஞ்சும். அந்தப் பொய்யை அங்கேயே பிடித்திருந்தால் மற்றதிலும் எச்சரிக்கையாக இருந்திருப்பேன்.

"இது டிஸ்பிளே பீஸ், உங்களுக்குப் புது பீஸ் தருகிறேன்" என்று உள்ளேயிருந்து டேப் ஒட்டிய பெட்டியைக் கொண்டுவந்தார். திறந்து பார்க்கலாமா என்றேன். சீல் உடைந்தால் வாரண்டி போய்விடும் என்றார். நம்பிவிட்டேன். 680 வெள்ளி என்று சொன்ன விலையோடு, பணம் கட்டும்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரி என்று 61 வெள்ளி 20 காசு சேர்ந்தது. வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் பேநவ்வில் அனுப்பினேன். சுவரில் மாட்டும் ஒரு பிளக் கன்வெர்ட்டரை "ஃப்ரீ" என்று பையில் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தபோதுதான் அந்தக் கன்வெர்ட்டர் எதற்கு என்று புரிந்தது. அடாப்டரில் தட்டையான இரண்டு முனை பிளக். அதன் மேல் பொடி எழுத்தில் 100 வோல்ட் என்று மட்டும் இருந்தது. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. பிளக் கன்வெர்ட்டர் முனையின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்ட்டைக் குறைக்காது. செருகியிருந்தால் அடாப்டர் புகைந்திருக்கும், சின்த்தும் போயிருக்கலாம், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. சிங்கப்பூரில் விற்கும் அடாப்டரில் பாதுகாப்புக் குறி இருக்கவேண்டும் என்பது சட்டம். இதில் இல்லை. இந்த ஒன்றுக்காகத்தான் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. பணத்தை ஏமாற்றியது வேறு, வயதானவர் இருக்கும் வீட்டுக்கு அப்படி ஒரு பொருளைக் கொடுத்தனுப்பியது வேறு.

சரி, பேட்டரி போட்டுப் பார்ப்போம் என்று கீழே கடைக்குப் போய் ஆறு பேட்டரி வாங்கி வந்தேன். அதற்குள் அம்மா தலையைச் சீவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "மைக் எங்கப்பா?" என்றார். பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். இல்லை. அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. பேட்டரி மூடியின் ஓரத்தில் கீறல். ஏ, பி என இரண்டு பக்கம், பக்கத்துக்கு எட்டு வகை, வகைக்கு எட்டு என மொத்தம் 128 ஒலிகள் இந்தக் கருவியில் பதிந்து வரும். வட்டக் குமிழின் எட்டாவது இடம் வோக்கோடர். அங்கே திருப்பினால் வோக்கோடர் ஒலியே இல்லை. யாரோ தன் பாட்டுக்காகச் செய்து சேமித்த பேஸ் (தாழ்ந்த சுருதி) ஒலிகள் வரிசையாக இருந்தன. புதுக் கருவியில் அது வர வழியே இல்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்.

மறுநாள் கடைக்குப் போனேன். முந்தைய நாள் அண்ணன் தம்பி போலப் பேசியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்தத் தொகுதியில் மைக் வராது என்றார். பெட்டியைத் திறந்துவிட்டதால் திரும்ப வாங்க முடியாது, 80 வெள்ளி கொடுத்தால் வேறு மாற்றித் தருகிறேன் என்றார். ரசீதை எடுத்துப் பார்த்தால் "கீபோர்டு 1" என்று மட்டும் இருக்கிறது. புதிது என்றில்லை, மாடல் இல்லை, சீரியல் எண் இல்லை. வரிப் பதிவு எண்ணும் இல்லை. உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் தளத்தில் தேடினேன், அந்தக் கடை வரிக்குப் பதிவே செய்யவில்லை. பதிவு செய்யாத கடை அந்த வரியை வசூலிக்கக்கூடாது. பதிவு செய்த கடையும் வரியைச் சேர்த்த விலையைத்தான் நமக்குக் காட்டவேண்டும்.

பயனீட்டாளர் சங்கத்திடம் பேசினேன். பழையதைப் புதிது என்று சொல்லி விற்பது முறையற்ற வணிகம் என்றும், சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்றும் சொன்னார்கள். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது எடுத்துக்கொள்கிறது, இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. இணையத்திலேயே பதிந்தேன், கட்டணம் 10 வெள்ளி. அடாப்டரின் படம், எட்டாவது இடத்தில் வரும் ஒலிகளின் வீடியோ, விலை கேட்டு நான் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திக்கு "புது செட் இருக்கிறது" என்று கடைக்காரர்கள் அனுப்பியிருந்த பதில், எல்லாவற்றையும் சேர்த்தேன். அந்தப் பதில்தான் என்னைக் காப்பாற்றியது. இணையவழிப் பேச்சிலேயே கடைக்காரர்கள் இறங்கி வந்து, 650 வெள்ளியைத் திருப்பித் தந்து கருவியை எடுத்துக்கொண்டார்கள். மீதிக்காக இழுத்தடிக்க எனக்குத் தெம்பில்லை.

ஆகவே, வாசித்துப் பார்த்த செட் வேறு, கையில் தருகிற செட் வேறு என்பதை மறக்காதீர்கள். உங்களுக்குத் தரப்போகும் பெட்டியையே கடையில் திறக்கச் சொல்லுங்கள், மறுத்தால் வந்துவிடுங்கள். எல்லாக் கட்டைகளையும் அழுத்துங்கள், வோக்கோடரில் ஒரு வரி பாடுங்கள், அடாப்டரில் 230 வோல்ட்டுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். "புதிது" என்ற சொல்லும் சீரியல் எண்ணும் ரசீதில் ஏறிய பிறகு பணம் கட்டுங்கள். தனி ஆளிடம் பழையது வாங்குவதென்றால் இன்னும் கவனம் தேவை. 2012 செப்டம்பரில் வந்த லெமன் சட்டம் (குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் சட்டம்) கடையில் வாங்கும் பழைய பொருளுக்கும் உண்டு, தனி ஆள் விற்பதற்குக் கிடையாது.

போன சனிக்கிழமை வேறொரு கடைக்கு அம்மாவையும் டாக்சியில் கூட்டிப் போனேன். பெட்டியை அவர்களே திறந்து மைக்கைச் செருகிக் கொடுத்தார்கள். அம்மா நின்றபடியே இரண்டு வரி பாடினார்.