லாக்டோமீட்டரா, தராசா?

விக்டோரியா காலத்து லண்டனில் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க, பாலின் அடர்த்தியைக் காட்டும் மிதவைக் கருவியான லாக்டோமீட்டர்தான் கைக்கு எளிது. உயரமான குவளையில் பாலை ஊற்றி மிதக்கவிட்டால் நொடியில் அளவு தெரியும். நல்ல பாலின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, 1.030-ஐ ஒட்டி இருக்கும். தண்ணீர் சேர்ந்தால் மிதவை இன்னும் கீழே அமிழும்.

ஆனால் அதை ஏமாற்றுவது சுலபம். ஏட்டை வழித்தெடுத்தால் பாலின் அடர்த்தி கூடும். பிறகு அளவாகத் தண்ணீர் விட்டால் மிதவை பழைய கோட்டுக்கே வந்து நிற்கும். இரண்டு முறை திருடிய பால், கருவியின் கண்ணுக்குச் சுத்தமான பால்! அதைத்தான் குழந்தைகள் குடித்தார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

தராசு வழி மெதுவானது. பாலை எடைபோட்டு, கொதிநீர் ஆவியின் மேல் சிறு கிண்ணத்தில் வற்றவைத்து, ஒட்டிக்கிடக்கும் வெளிர்மஞ்சள் பொருக்கை மறுபடி எடைபோடுவார்கள். கொழுப்பைக் கரைக்கும் ஈதர் என்ற திரவத்தால் கொழுப்பைப் பிரித்தால் ஏடு எடுத்தது தெரியும்; கொழுப்பு போக மிஞ்சும் திடப்பொருள் குறைந்திருந்தால் தண்ணீர் விட்டது தெரியும். மணிக்கணக்கில் ஆகும், தேர்ந்த வேதியியலாளரும் வேண்டும்.

சந்தேகம் எழுப்ப லாக்டோமீட்டர் போதும். 1875-ஆம் ஆண்டு உணவு, மருந்து விற்பனைச் சட்டப்படி ஒருவரைக் கூண்டில் ஏற்ற, நான் தராசைத்தான் நம்புவேன்.