கிராபிக்ஸ் கார்டுக்குக் கரண்ட்: மதர்போர்டு சாக்கெட்டா, நேர் கேபிளா?

சேலம் அஸ்தம்பட்டியில் தம்பி புதுக் கம்ப்யூட்டரைப் பூட்டிக்கொண்டிருந்தான். மதர்போர்டில், ஸ்லாட்டுகளுக்குக் கீழே ஓர் ஆறு பின் சாக்கெட். "அண்ணா, இதுல கேபிள் மாட்டிட்டா கார்டுக்குத் தனியா வேண்டாம்ல?" என்றான்.

கட்டாயம் வேண்டும். கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வழியாக ஒரு கார்டு அதிகபட்சம் 75 வாட்தான் எடுக்கலாம். போர்டில் கேபிள் மாட்டினாலும் அந்த வரம்பு உயராது. அந்தச் சாக்கெட்டின் வேலையே வேறு. மதர்போர்டுக்குக் கரண்ட் கொண்டுவரும் 24 பின் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு இரண்டே பின்கள். இரண்டு மூன்று கார்டுகள் ஒரே நேரத்தில் ஸ்லாட்டிலிருந்து இழுத்தால் அந்தப் பின்கள் சூடேறி, கருகவும் கூடும். அந்தச் சுமையைப் பங்கு போடத்தான் கூடுதல் சாக்கெட். ஏற்காட்டில் இரண்டு கார்டு வைத்து அனிமேஷன் ரெண்டர் செய்யும் நண்பரிடம் அதைக் காலியாக விடாதீர்கள் என்றேன். தம்பிக்கு ஒரே கார்டு; கையேடு கேட்காதவரை காலியாகவே இருக்கலாம்.

பவர் சப்ளையிலிருந்து கார்டுக்கே போகும் நேர் கேபிளில் ஆறு பின் 75 வாட், எட்டு பின் 150 வாட். கார்டில் சாக்கெட் இருந்தால் மாட்டியே ஆக வேண்டும். ஆனால் பிராசசருக்கான எட்டு பின் கேபிளும் பார்க்க இப்படித்தான் இருக்கும்; உள்ளே வயர் வரிசை நேர்மாறு. திணித்து மாட்டாதீர்கள், பெயரைப் படித்து மாட்டுங்கள்.

அசுஸின் பிடிஎஃப் போர்டுகள் மட்டும் தனி ரகம்: தனிச் சாக்கெட் வழியாகப் போர்டே கார்டுக்கு 600 வாட் வரை தரும். அதற்கேற்ற கார்டும் வாங்க வேண்டும். தம்பியின் பட்ஜெட்டுக்கு நேர் கேபிளே சரி.