எச்சரிக்கை: கிளட்ச் மாற்றியதாக ரசீது, மூடியிலோ பழைய செம்மண்

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே குவாட் (மேடுபள்ளத்தில் ஓட்டும் நாலு சக்கர பைக்) வைத்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். வண்டியைப் பட்டறையில் விடுவதற்கு முன் எஞ்சினின் வலப்பக்க மூடியை, அதாவது கிளட்ச்சை மூடியிருப்பதை, ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள், கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாமல் 8,600 ராண்டைச் செலவிட்டவன் நான்.

டோங்காட் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பு நிலம் இருக்கிறது. தாத்தா விட்டுப்போனது, மேடும் சரிவுமாக முழுக்கச் செம்மண். வயலைச் சுற்றிவரவும், வெட்டு ஆட்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகவும், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் கூத்தடிக்கவும் ஒரு பழைய ஹோண்டா டி.ஆர்.எக்ஸ். 400 வைத்திருக்கிறேன். ஏப்ரலில் ஆலை அரைக்கத் தொடங்கிய கையோடு அது மக்கர் செய்தது. சரிவில் மூன்றாம் கியரில் முடுக்கினால் எஞ்சின் கத்துகிறது, வண்டியோ எருமை மாதிரி நின்று நிதானித்து ஏறுகிறது. இறங்கிப் பார்த்தால் தீய்ந்த வாடை. கிளட்ச் வழுக்குகிறது என்பது எனக்கே தெரிந்தது. ஏன் வழுக்குகிறது என்பதுதான் தெரியவில்லை.

அந்தப் பட்டறைக்காரர் கோயில் அன்னதான வரிசையில் பழக்கமானவர். "வாருங்கள் அண்ணா, நம் பட்டறை இருக்கும்போது வேறிடம் எதற்கு?" என்றார். நல்ல தமிழில் சொன்னார். வீட்டுக்குள்ளேயே தமிழ் அருகிப்போன ஊர் இது. வெளியாள் ஒருவர் வாய் நிறைய அண்ணா என்று கூப்பிட்டால் பணப்பை பாதி தானாகவே திறந்துகொள்ளும். பக்கியில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கினேன். (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: இங்கே சிறு சரக்கு வண்டிக்குப் பெயர் பக்கி.)

அவர் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. கிளட்ச் லீவரைத் தொடக்கூட இல்லை. ஸ்டார்ட் செய்து ஒரு முடுக்கு முடுக்கிவிட்டு, "பிளேட், ஸ்பிரிங், கூடை எல்லாம் போய்விட்டது அண்ணா" என்று தீர்ப்புச் சொன்னார். (கூடை என்பது கிளட்ச் பிளேட்டுகள் அடுக்கி உட்காரும் கிண்ணம்.) எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்கவில்லை. அண்ணா என்றவரிடம் எழுதிக் கேட்பதா என்ற கூச்சம். ஆறு நாள் கழித்து ரசீது வந்தது: கிளட்ச் செட், கேஸ்கெட், எண்ணெய், கூலி சேர்த்து 8,600. கழற்றிய பழைய பிளேட்டுகள் என்று ஒரு பிளாஸ்டிக் பையையும் கையில் கொடுத்தார். எவ்வளவு நேர்மையான மனிதர் என்று வீட்டில் வேறு புகழ்ந்தேன்.

வண்டியும் நன்றாகவே ஓடியது. ஆனால் சில நாளில் இலேசாக வழுக்கத் தொடங்கி, மூன்றாம் வாரம் இரண்டு தண்ணீர் கேன்களோடு அதே சரிவில் அதே கத்தலும் அதே வாடையும் வந்தன. திரும்பக் கொண்டுபோனதும் அவருக்குத் தமிழ் கொஞ்சம் குறைந்துவிட்டது. "இனி எஞ்சினையே இறக்கிப் பார்க்க வேண்டும், 17,000 வரை ஆகும்" என்றார். வண்டியை மறுபடி பக்கியில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

என் மாமா சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்து வண்டிக்குப் பக்கத்தில் குந்தினார். ஸ்பேனர் கேட்கவில்லை. மூடியின் விளிம்பில் கட்டைவிரலால் நெடுக வருடிக்கொண்டே போனார், ஒரு போல்ட்டில் நிறுத்தினார்.

"ஏனப்பா, இதைத் திறந்ததாகவா சொன்னான்?"

அந்தப் போல்ட் தலையைச் சுற்றி எங்கள் வயல் மண் காய்ந்து, செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. பக்கத்துப் போல்ட்டிலும் அப்படியே. மூடியும் எஞ்சினும் சேரும் கோட்டின்மேல் ஒரே பட்டையாக ஓடிய மண்ணில் ஒரு கீறல்கூட இல்லை. மூடியைக் கழற்றாமல் கிளட்ச் பிளேட்டைத் தொட முடியாது. ஸ்பேனர் பட்டிருந்தால் அந்த மண் முதல் திருகிலேயே உதிர்ந்திருக்கும். பெட்ரோல் டேங்கையும் இருக்கையையும் மட்டும் பளபளவென்று துடைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதில்தான் நான் மயங்கினேன்.

அப்படியானால் வண்டி கொஞ்ச நாள் எப்படி ஓடியது? இங்கேதான் வெட்கக்கேடு. மார்ச்சில் பழைய கிளட்ச் கேபிள் நைந்துபோனதால் என் தங்கை மகன் புதுக் கேபிள் மாட்டினான். மாட்டியவன் தொய்வே இல்லாமல் இழுத்துக் கட்டிவிட்டான். லீவர் முனையில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வெற்று ஆட்டம் வேண்டும் என்பது இந்த வண்டிக்கான கணக்கு. அந்த ஆட்டம் இல்லாவிட்டால், நாம் பிடிக்காமலேயே லீவரை யாரோ சிறிது பிடித்துக்கொண்டிருப்பதற்குச் சமம். ஸ்பிரிங்குகளால் பிளேட்டுகளை முழு பலத்தோடு அழுத்த முடியாது. பட்டறையில் கேபிள் திருகைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஐந்து நிமிட வேலை. அதற்கு நேர்மையாக நூறு ராண்ட் கேட்டிருந்தால் காலத்துக்கும் அவருக்கே ஆள் அனுப்பியிருப்பேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ரசீதில் 'எண்ணெய்' என்று போட்டது மட்டும் உண்மை, ஆனால் ஊற்றியது எரிபொருள் மிச்சப்படுத்தும் ரகக் கார் எண்ணெய். ரசீதிலேயே 5டபிள்யூ-30 என்று இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. இந்த வண்டியில் எஞ்சினுக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே எண்ணெய், பிளேட்டுகள் அதிலேயே ஊறிக்கிடப்பவை. கார் எண்ணெயில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் மருந்து எஞ்சினுக்கு நல்லது. உராய்வை நம்பியே பிழைக்கும் கிளட்ச்சுக்கு அது விளக்கெண்ணெய் தடவிய கயிறு. டப்பாவில் ஜாசோ எம்.ஏ. என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நனைந்த கிளட்ச்சுக்கு ஏற்ற எண்ணெய் என்பதற்கு அதுதான் அடையாளம். ஏப்ரலில் என் பிளேட்டுகள் பெரும்பாலும் நன்றாகவே இருந்திருக்கும் என்கிறார் மாமா. மாற்றாத பிளேட்டுக்குப் பணம் வாங்கியவர், மாற்றியே தீர வேண்டிய நிலைக்கு அதைக் கொண்டுவந்தும் கொடுத்திருக்கிறார்.

மாமா சோதித்த முறை இதுதான். முதலில் லீவரின் ஆட்டம். பிறகு வண்டியை வெட்டவெளியில் நிறுத்திப் பின் பிரேக்கை இறுக அழுத்தி, மூன்றாம் கியரில் கொஞ்சம் முடுக்கியபடி லீவரை விட்டார். கிளட்ச் சரியாக இருந்தால் எஞ்சின் உடனே அணைந்துவிட வேண்டும். எங்களுடையது அணையாமல் முனகிக்கொண்டே ஓடியது. ஒரு முறைக்கு மேல் செய்யாதீர்கள், பிளேட் கருகும். அதற்குப் பிறகுதான் எண்ணெயை வடித்து மூடியைக் கழற்றினார். இரும்புப் பிளேட்டுகள் நீலம் பூத்திருந்தன. உராய்வுப் பிளேட்டுகளின் முகம் கண்ணாடி மாதிரி வழவழத்தது. இரும்புப் பிளேட்டை ஜன்னல் கண்ணாடித் துண்டில் படுக்கவைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பார்த்தார். நுழைந்தால் பிளேட் வளைந்துவிட்டது என்று பொருள், இரண்டில் நுழைந்தது. புது உராய்வுப் பிளேட்டுகளை இரவு முழுவதும் எண்ணெயில் ஊறப்போட்டார். ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். இந்த வண்டிக்கு எண்ணெய்த் தொட்டி எஞ்சினுக்கு வெளியே தனியாக இருப்பதால் வடிக்கும் திருகு இரண்டு. ஒன்றை மட்டும் திறந்தால் கார் எண்ணெய் உள்ளேயே தங்கிவிடும். எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது 2,100 ராண்ட். மாமாவுக்கு ஆட்டுக்கறிக் குழம்பு தனி.

கூடை? அது அவருடைய பட்டறையில் 'போய்விட்டது'. இங்கே பார்த்தால், பிளேட்டுகளைப் பிடித்திருக்கும் அதன் விரல்களில் பள்ளம்கூட விழவில்லை.

சட்டத்தைப் பற்றி ஆத்திரத்தில் தேடிப் படித்தேன். 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பழுதுபார்ப்பவர் முன்கூட்டியே மதிப்பீடு தந்து நம் சம்மதத்தைப் பெற வேண்டும் என்கிறது. 57ஆம் பிரிவின்படி மாட்டிய பாகத்துக்கும் கூலிக்கும் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் உண்டு. கழற்றிய பாகங்களைத் தனியே வைத்துத் திருப்பித் தருவது 67ஆம் பிரிவு. மண் படிந்த போல்ட்டின் படங்களோடு, 14 நாள் கெடு வைத்துக் கடிதம் கொடுத்தேன். பன்னிரண்டாம் நாள் 4,000 ராண்ட் வந்தது, "கோயில் பழக்கத்துக்காக" என்ற குறிப்போடு. மீதி 4,600க்குச் சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போகிறேன். 20,000 ராண்ட் வரை அங்கே கேட்கலாம், வழக்கறிஞரைக் கூட்டிவரக் கூடாது. அவரும் தனியாகத்தான் வர வேண்டும். தமிழில் பேசுகிறாரா பார்ப்போம்.

அவர் கொடுத்த பிளாஸ்டிக் பையைப் பற்றிச் சொல்லவில்லையே. மூடியைத் திறந்த அன்று, பையில் இருந்த ஒரு பிளேட்டை எடுத்து மாமா என் வண்டியின் கூடையில் வைத்துப் பார்த்தார். பற்கள் பொருந்தவே இல்லை; வேறு ஏதோ வண்டியின் பிளேட்டுகள். அவற்றில் ஒன்றின் ஓரத்தில் ஆணியால் கீறியது போல மூன்று கோடுகள் இருக்கின்றன. அந்தப் பை என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் பிளேட்டில் அப்படி அடையாளம் போட்டவர்களோ, இதே பையை 'உங்கள் பழைய பிளேட்' என்று எனக்கு முன்னால் கையில் வாங்கிப் பார்த்தவர்களோ இருந்தால் சொல்லுங்கள்.